சூடேறியபின் நின்றுவிடும் பழைய கார்: நின்ற இடத்திலேயே பிழை தேடும் முறை

காலையில் சோக்கை இழுத்துத் திறப்பைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே பற்றிக்கொள்ளும். கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாணம் நகருக்குள் வரும்வரை எந்தக் குறையும் சொல்ல முடியாது. கண்டி வீதியில் ஏறிச் செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது இழுவை குறையும். அக்சிலறேற்றரை மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் எடுக்கும். கைதடிக்கு முன் எங்கோ ஓரிடத்தில் வேகத்தைக் குறைத்ததும் சத்தமின்றி அணைந்துவிடும். பனை நிழலில் இருபது நிமிடம் விட்டுவைத்தால், ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி பற்றிக்கொள்ளும். பழைய கார் வைத்திருப்பவர்களில் இந்த அனுபவம் இல்லாதவர் குறைவு.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினமாவதற்குக் காரணம் பிழையின் சிக்கல் அன்று. அது வெளிப்படும் நேரத்தின் குறுக்கமே. கயிறு கட்டி இழுத்தோ சூடு ஆறியபின் ஓட்டியோ கராஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது, பார்ப்பதற்கு அங்கே பிழை இருப்பதில்லை. எனக்குக் கார் வேலை பழக்கிய வயதான மெக்கானிக் ஒருவர், "ஆறினாப் பிறகு எல்லாக் காரும் நல்ல கார்தான், தம்பி" என்பார். ஆகவே சூட்டில் வரும் பிழையைச் சூட்டிலேயே, கார் நின்ற முதல் ஐந்து நிமிடத்திலேயே பிடிக்க வேண்டும். கீழே வருவன எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்காமல் இருப்பதற்கான ஒழுங்கு மட்டுமே.

அளவுகளை மொறிஸ் மைனர் 1000 காரைக் கொண்டே தருகிறேன். என்னிடம் இருப்பது அதுதான். 1956 முதல் 1971 வரை வந்த அந்தக் காரில் முதலில் 948 சி.சி. எஞ்சினும், 1962 இலிருந்து 1098 சி.சி. எஞ்சினும் பொருத்தப்பட்டன. பொயின்ற் (கொயிலுக்குப் போகும் மின்னைத் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த டிஸ்ரிபியூற்றரும் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிர்வது) காபரேற்றரும் (பெற்றோலைக் காற்றோடு கலப்பது) உள்ள வேறு கார்களுக்கும், ஒஸ்ரின் ஏ40 ஆனாலும் பழைய டற்சன் ஆனாலும், தேடும் முறை இதுவேதான். இடைவெளி அளவுகளை மட்டும் அந்தந்தக் காரின் கைந்நூலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நின்றவுடன் செய்ய வேண்டியது

காரில் எப்போதும் இருக்க வேண்டிய சாமான்கள் சில உண்டு: பிளக் ஸ்பனர், பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு சிறிய மல்ரிமீற்றர், இரண்டு போத்தல் தண்ணீர், பருத்தித் துணி, நல்லதென்று தெரிந்த ஒரு பழைய கொயில் (தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தருவது), இவற்றோடு ஒரு சூப்பி. 90 களில் பெற்றோல் வராத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களை உயிர்ப்பிக்கச் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஊதிய அந்தச் சிறிய பிளாஸ்ரிக் போத்தலை இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றும் பிழை தேடுவதற்கு அதைவிட மலிவான கருவி கிடையாது.

கியரை நியூற்றலில் விட்டு, ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டு, முதலில் தீப்பொறியையும் அடுத்ததாகவே பெற்றோலையும் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. பெற்றோல் குழாயைக் கழற்றி நாலு துளி சிந்திவிட்டு அதன் அருகே தீப்பொறி தட்டுவது காரையே எரித்துவிடக்கூடிய வேலை.

டிஸ்ரிபியூற்றர் மூடியின் நடுவில் கொயிலிலிருந்து வந்து செருகியிருக்கும் தடித்த வயரைப் பிடுங்கி, அதன் நுனி எஞ்சின் இரும்பிலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் தள்ளி நிற்கும்படி, உடுப்புக் காயப்போடும் மரக்கிளிப்பால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்ராற்றரைச் சுற்றச் சொல்லுங்கள். வெறுங்கையால் பிடித்தால் உடம்பே உதறும். நீல நிறத்தில், "டப் டப்" என்று காதில் விழும்படி பாய்ந்தால் கொயில்வரை குறையில்லை. மெல்லிய மஞ்சள் நூல்போல் பாய்ந்தாலோ, விட்டுவிட்டுப் பாய்ந்தாலோ, பாயாமலே இருந்தாலோ பிழை மின் பக்கத்தில் இருக்கிறது. இங்கே ஒரு நிதானம் தேவை: உச்சி வெயிலில் நீலத் தீப்பொறிகூடக் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். பொனற் நிழலில் பிடித்துப் பாருங்கள்; சத்தத்தை அதிகம் நம்புங்கள்.

தீப்பொறி நன்றாக இருந்தால் வயரைத் திரும்பச் செருகிவிட்டு, காபரேற்றரின் வாயில் சூப்பியால் ஐந்தாறு துளி ஊதி, எயர் பில்ரரை மூடியபின் ஸ்ராற் செய்ய வேண்டும். இரண்டு விநாடி ஓடி மறுபடி அணைந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை என்று பொருள். பற்றாமல் இன்னும் அடைத்துக்கொண்டு, பெற்றோல் மணமும் தூக்கலாக இருந்தால், பெற்றோல் கூடிப்போயிற்று என்று பொருள். இவ்வளவையும் செய்து முடிக்க நாலு நிமிடம் போதும்; இனி எந்தப் பக்கம் போவது என்பது தெரிந்துவிடும்.

தீப்பொறி மெலிந்திருந்தால்

முதல் சந்தேகம் கொயில் மீது விழ வேண்டும். கொயிலுக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுக்களாக இருக்கிறது. காலப்போக்கில் அதன் காப்பு கெட்டால், குளிராக இருக்கும்போது தாங்கும், சூடேறி விரியும்போது உள்ளேயே மின் கசியும். துணியைத் தண்ணீரில் நனைத்துக் கொயிலைச் சுற்றிக் கட்டிவிட்டு, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். தடித்த வயர் செருகும் முனை மட்டும் நனையக்கூடாது. மூன்று நிமிடத்தில் தீப்பொறி மீண்டால் பிழை அதுவேதான். மல்ரிமீற்றர் இதைக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உள்காப்பு கெட்ட கொயிலும் குளிரில் அளந்தால் சரியான ஓமைக் காட்டி ஏமாற்றும்.

ஆனால் வேறொரு பிழையை மல்ரிமீற்றர் தப்பாமல் காட்டும். யாழ்ப்பாணத்தில் அது நினைப்பதைவிட அதிகம். மைனர் போன்ற கார்களின் கொயில், பற்றரியின் 12 வோல்ற்றை நேரடியாக வாங்குவது. அதன் இரண்டு சிறிய முனைகளுக்கிடையே ஏறத்தாழ 3 ஓம் இருக்க வேண்டும். பின்னாளில் வந்த பல யப்பான் கார்களின் கொயில் 1.5 ஓம் அளவிலேயே இருக்கும். அதற்கு முன்னால் வேறொரு தடை வயரோ வெள்ளைப் பீங்கான் துண்டோ தொடரில் இருக்கும். அந்தத் தடை இல்லாமல் அதே கொயிலைப் பழைய காரில் பூட்டினால், 4 அம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 8 அம்பியர் ஓடும். கார் குளிரில் அருமையாக ஓடும், தீப்பொறி முன்னையதைவிடக் கொழுத்துத் தெரியும். அரை மணித்தியாலத்தில் கொயில் கை வைக்க முடியாமல் கொதிக்கும், பொயின்ற் கருகும்.

இதை நான் படித்து அறியவில்லை. என் கார் நிற்கத் தொடங்கியபோது ஒரு கராஜில் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, பம்மை மாற்றி, பெற்றோல் குழாயையும் மாற்றினார்கள். மூன்று தடவை காசு கொடுத்து எடுத்து வந்தேன். மூன்று தடவையும் பாலம் தாண்டவில்லை. நாலாம் தடவை நாவற்குழியில் நின்றபோது தோளில் கிடந்த துவாயைக் களப்புத் தண்ணீரில் நனைக்கப் போய், உப்பு மின்னைக் கடத்துமே என்று திரும்பி வந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்துக் கொயிலில் போட்டேன். "சுர்" என்று ஆவி எழுந்தது. துவாயின் நடுவில் வட்டமாக ஓரிடம் கண் முன்னாலேயே காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கார் பற்றியது. வீட்டுக்கு வந்து அளந்தால் 1.6 ஓம். எப்போதோ ஒருநாள், கிடைத்த கொயிலை யாரோ பூட்டியிருக்கிறார்கள். பொருள் கிடைக்காத காலத்தில் பூட்டியிருந்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கொயில் மாற்றும்போது முனைகளையும் பார்க்க வேண்டும். மைனரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். ஆகவே + மற்றும் − குறி இட்ட புதிய கொயிலைப் பூட்டும்போது, + முனையிலிருந்து வரும் வயர் டிஸ்ரிபியூற்றருக்குப் போக வேண்டும். மாற்றிப் பூட்டினாலும் கார் ஓடும்; ஆனால் தீப்பொறி பலம் குறைந்திருக்கும், அந்தக் குறை சூட்டிலும் ஏற்றத்திலும் வெளிப்படும். யாராவது முன்பே எதிர்முனையை உடலுக்கு மாற்றியிருந்தால் இதுவும் தலைகீழாகும்; பற்றரியின் எந்த முனை உடலில் பூட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே தொட வேண்டும்.

அடுத்தது, பொயின்ற் திறக்கும்போது அங்கே பொறி தெறிக்காமல் காக்கும் கொண்டென்சர். சூட்டில் கெடுவதில் கொயிலுக்கு அது இளையதன்று. இப்போது கடையில் வரும் புதியவற்றில் சில, கழற்றி எறிந்த பழையதைவிட மோசமானவை. டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி, ஸ்ராற்றர் சுற்றும்போது பொயின்ற்றைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் பொறி இருப்பது இயல்பு. நீலமாகப் பளிச்சென்று அடித்தால் கொண்டென்சர் போய்விட்டது. பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். பொயின்ற்றைத் திறக்கும், குதிரைக்குளம்புபோன்ற சிறு நார்க்கட்டை தேய்ந்தால் இடைவெளி ஒடுங்கும். ஒடுங்கினால் பொயின்ற் மூடியிருக்கும் நேரம் கூடிக் கொயில் மேலும் சூடாகும்.

கொயிலில் நீலப் பொறி இருந்தும் பிளக்கில் இல்லையென்றால் டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் சுழன்று மின்னைப் பகிரும் றோற்றரைச் சந்தேகிக்க வேண்டும். மூடியைக் கழற்றி, கொயில் வயரின் நுனியை றோற்றரின் பித்தளைத் தகட்டுக்கு மேல் சற்று உயர்த்திப் பிடித்து ஸ்ராற்றரைச் சுற்றினால், அதற்குப் பொறி பாயவே கூடாது. பாய்ந்தால் றோற்றரின் பிளாஸ்ரிக்குக்குள்ளால் மின் கீழே தண்டுக்குக் கசிகிறது.

தீப்பொறி நன்று, பெற்றோல் வரவில்லை என்றால்

மைனரில் பெற்றோல் பம் மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சின் அறையின் பின்சுவரில் பூட்டியிருக்கும். அது பேசும் பம். திறப்பைப் போட்டதும் சில தடவை விரைவாக "டிக் டிக்" என்று தட்டிவிட்டு, காபரேற்றர் நிரம்பியதும் அமைதியாகும். அமைதியாகாமல் ஓயாது விரைவாகத் தட்டினால், அது பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது. தட்டவே இல்லையென்றால் பம்முக்குள் இருக்கும் பொயின்ற் ஒட்டியிருக்கலாம். ஸ்பனர் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்ட, உயிர் வந்தால் காரணம் அதுவே. அந்தத் தட்டு வீடு வந்து சேர உதவும், மருந்தாகாது.

தட்டல் ஓயவில்லையென்றால், முதலில் பின்னால் போய்ப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, பிறகு கார் பற்றினால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும். இவ்வளவு எளிய காரணத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை.

அது இல்லையென்றால் ஆவி அடைப்பு, அதாவது பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை மறிப்பது. இந்த எஞ்சினில் பெற்றோல் உள்ளே போகும் மனிபோல்டும் புகை வெளியே வரும் மனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காபரேற்றர் அந்தச் சூட்டுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல், பம் முன்னால் இருந்துகொண்டு பின்னாலிருக்கும் தாங்கியிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாய்க்குள் அழுத்தம் குறைவதால் அங்கே பெற்றோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். சித்திரை, வைகாசி வெயிலில், நகரத்து நெரிசலில் மெதுவாக ஓடியபின் இது வருவதில் வியப்பில்லை. நனைந்த துணியைப் பம்மிலும் குழாயிலும் சுற்றிப் பாருங்கள். சூடான மனிபோல்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். துணியால் பம் அமைதியடைந்தால் குழாயின் பாதையைக் கவனிக்க வேண்டும்: வெள்ளைக்காரன் வளைத்த இடத்தில்தான் குழாய் போகிறதா, யாரோ மாற்றிச் சைலென்சர் குழாயோடு ஒட்டி விட்டிருக்கிறார்களா? காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் இடையே இருக்க வேண்டிய சூடு கடத்தாத தடித்த கட்டை இருக்கிறதா, கழற்றிப் பூட்டியவர் வெறும் காகித கஸ்கற்றோடு விட்டாரா? ஆவி அடைப்பு என்று சொல்லப்படுவதில் பாதி இந்த இரண்டில் முடிந்துவிடும். ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் போன்றவற்றில் பம் எஞ்சின் உடலிலேயே பூட்டியிருப்பதால் சூடு நேரே ஏறும். அங்கே பம்மின் டயபிறமையும் பார்க்க வேண்டும்.

மீதியிருப்பது ஊத்தை. 2022 தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் நின்ற கார்களின் தாங்கியில் பெற்றோல் காய்ந்து பிசினாகியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அதன் அடியில் துருவும் கிடக்கும். ஓட ஓட ஊத்தை உறிஞ்சும் வாயில் சேர்ந்து அடைக்கும், நின்றதும் கீழே உதிரும். ஆகவே இதுவும் சூட்டுப் பிழைபோல நடிக்கும். வீட்டில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி நீண்ட றப்பர் குழாயால் ஒரு போத்தலுக்குள் விட்டுத் திறப்பைப் போடுங்கள். ஒரு நிமிடத்தில் அரை லீற்றருக்குக் குறையாமல் வர வேண்டும்.

பெற்றோல் கூடினால்

குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் ஐடில் நிற்காமல், பின்னால் கரும்புகை விட்டு, பிளக் கரியாகக் கறுத்திருந்தால், சோக் முழுதாகத் திரும்பவில்லை. மைனரின் காபரேற்றரில் சோக்கை இழுத்தால் அடியிலுள்ள ஜெற் (பெற்றோல் வரும் சிறு குழல்) கீழே இறங்கும். பொத்தானை உள்ளே தள்ளியதும் ஜெற் மேலே போயிற்றா என்பதைக் கேபிளைப் பார்த்து முடிவு செய்யாமல், விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அது இறுகியிருந்தது. நிறுத்திப் பத்து நிமிடத்தின்பின் மட்டும் பற்ற மறுத்தால், சூட்டில் பெற்றோல் பொங்கி உள்ளே வழிந்திருக்கிறது, அல்லது காபரேற்றரில் பெற்றோல் தேங்கும் கிண்ணமாகிய புளோற் சேம்பரின் நீடில் வால்வு கசிகிறது. அக்சிலறேற்றரை அடிவரை மிதித்து, பம்ப் பண்ணாமல், அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்ராற் செய்தால் பற்றும்.

கலவை சரியா என்று அறிய, எஞ்சின் சூடாக ஐடிலில் ஓடும்போது காபரேற்றருக்குள் ஏறி இறங்கும் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குள் உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். உடனே அணைந்தால் குறைவு. ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

நிற்காது, ஆனால் மிதித்தால் திணறும்

காபரேற்றர் தலையிலுள்ள கறுப்பு அல்லது பித்தளை மூடியைக் கழற்றினால் அதோடு ஒரு சிறிய தண்டு வரும். உள்ளே எண்ணெய் இருக்க வேண்டும், எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய்தான் கைந்நூல் சொல்வது. மூடியைத் திரும்ப இறக்கும்போது கடைசிக் கால் அங்குலத்தில் கையில் ஒரு தடை உணரப்பட வேண்டும். உணரப்படாவிட்டால், எண்ணெய் இல்லை. மிதித்ததும் பிஸ்ரன் துள்ளி எழுந்து கலவை மெலிந்து திணறும்.

மிதிக்கும்போது மட்டும் வெட்டி வெட்டி எடுத்தால், டிஸ்ரிபியூற்றருக்குள் பொயின்ற்றுக்குப் போகும் சிறு வயரைப் பாருங்கள். எஞ்சினின் உறிஞ்சலால் தீப்பொறி நேரத்தை மாற்றும் வக்கூம் அட்வான்ஸ் தட்டைத் திருப்பும்போதெல்லாம் அது வளைகிறது. ஐம்பது வருடம் வளைந்தபின் தோலுக்குள்ளே செம்பு அறுந்து, தோல் மட்டும் முழுதாக நிற்கும். மனிபோல்ட் கஸ்கற்றில் காற்றுக் கசிந்தாலும் திணறும். ஓடும்போது மூட்டுக்களில் எஞ்சின் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, ஓட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். ஆங்கிலக் கைந்நூல்கள் காபரேற்றரில் பனி பிடிப்பதைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதும். யாழ்ப்பாணத்தில் அவற்றைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் சூட்டில் ஐடில் குலுங்கினால் வால்வு இடைவெளி ஒடுங்கியிருக்கும். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நின்றபின், மென்மையான வால்வு இருக்கை உள்ள இத்தகைய எஞ்சின்களில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழ்கிறது. இடைவெளி தானாகக் குறைகிறது. சூட்டில் வால்வு முழுதாக மூடாது. குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம் வைக்க வேண்டும். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு உதவும்: முதலாவது முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதை, மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை அளக்க வேண்டும், கூட்டினால் எப்போதும் ஒன்பது.

எஞ்சினே கொதித்தால்

மேலே சொன்னவை எல்லாம் எஞ்சின் இயல்பான சூட்டில் இருக்கும்போது வருபவை. றேடியேற்றரில் தண்ணீர் கொதிக்கிறது என்றால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். குடாநாடு முழுதும் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது; வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவே கிணற்றுத் தண்ணீர் விட்ட றேடியேற்றரின் குழாய்களிலும் படிகிறது. சூடான எஞ்சினை நிறுத்தி, றேடியேற்றரின் முகத்தை மேலிருந்து கீழாகத் தடவினால், அடைபட்ட குழாய்கள் குளிர்ந்த கோடுகளாகக் கையில் தெரியும். விசிறி அசையாமலிருப்பதை உறுதி செய்துவிட்டே தடவ வேண்டும். மூடியை ஆறும்வரை திறக்கக்கூடாது. கழுவியபின் மழைத் தண்ணீரோ பற்றரித் தண்ணீரோ கூலன்ற்றோடு கலந்து விட வேண்டும். இக்னிஷனைப் பின்தள்ளி, அதாவது தீப்பொறி பிந்திப் பாயும்படி, வைத்தாலும் எஞ்சின் கொதிக்கும். மண்ணெண்ணெய்க் காலத்தில் நொக் பண்ணாமலிருக்கப் பின்தள்ளிய டிஸ்ரிபியூற்றரை, பெற்றோல் வந்தபின் யாருமே திருப்பி வைக்காத கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பிழையைத் திருத்தினாலும் சோதிப்பது நண்பகலில், நின்ற அதே வீதியில். கொடிகாமம்வரை ஓட்டி, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் பொனற்றைத் திறக்காமல் விடுங்கள். நிறுத்தியபின் உள்ளே சூடு கூடுவது அப்போதுதான். பிறகு ஸ்ராற் செய்து, ஆனையிறவு வெளியில் ஒரே வேகத்தில் ஐந்து கிலோமீற்றர் ஓடி, கிளச்சை மிதித்துத் திறப்பை மூடி, ஓரமாக உருட்டி நிறுத்தி, ஒரு பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றிப் பாருங்கள். மண் நிறமாக, உலர்ந்து இருக்க வேண்டும்.